போன வருஷத்து ஆறு

ஏழு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, பர்மாவில், கியாக்மரோவிலிருந்து அத்தரான் ஆற்றில் மோல்மீனுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தேன். படகில் 11 மூட்டை பாக்கு, என் சித்தி, சித்தியின் பேரன். மகள் வீட்டில் முறுக்குக்கு மாவு காத்திருக்கிறது என்று சித்திக்கு அவசரம். எனக்கும் அவசரம்தான். வற்றம், அதாவது கடலோடு சேர்ந்து ஆற்று நீரும் இறங்கும் நேரம், தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் தாமதித்தால் துறையில் சேற்றில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

மாலை நாலு மணி. எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஆறு வடமேற்காக மோல்மீனை நோக்கி இறங்குகிறது. மாலையில் கீழே வந்தால் வெயில் நேரே முகத்தில். தண்ணீர் முழுக்கத் தகரம் போல மின்னும், அதில் ஒரு சுழிப்பும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, நூறு தடவை வந்த வழிதானே என்று கைப்பிடியை முறுக்கிக்கொண்டு வந்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. பூசணிக்காயைத் திண்ணையில் போட்ட மாதிரி ஒரு 'தொம்'. பையன் மூட்டைமேல் குப்புற விழுந்தான். என் கையிலிருந்த கைப்பிடி வெடுக்கென்று விலகிப் போனது. திரும்பிப் பார்த்தால் இன்ஜின் ஒருக்களித்துத் தொங்குகிறது, பின்பலகை மேலிருந்து கீழே ஒரு சாண் பிளந்திருக்கிறது, பிளவு வழியாகத் தண்ணீர் அமைதியாக உள்ளே வருகிறது. வலதுபக்கப் பிடி முழுசாகக் கழன்றுவிட்டது. இடதுபக்கப் பிடியும் ஒரு சங்கிலியும்தான் இன்ஜினை ஆற்றில் விழாமல் வைத்திருந்தன. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டிய சிவப்புச் சுருள் கயிறு, இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும் அது, வழக்கம்போல இன்ஜின்மேலேயே அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டுத் தடுமாறி பொத்தானை அமுக்கித்தான் நிறுத்தினேன்.

"மூட்டையை முன்னால இழு சித்தி!" என்று கத்தினேன். எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அதுதான் காப்பாற்றியது. அணியத்துப் பக்கம் பாரம் ஏறினால் பின்பக்கம் தூக்கும், பிளவு தண்ணீருக்கு மேலே வரும். அறுபது வயது சித்தி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டை மூட்டையாக உருட்டினார். பையன் வெட்டிய எண்ணெய் டப்பாவால் தண்ணீர் இறைத்தான். நான் இடுப்பு லுங்கியை அவிழ்த்துப் பிளவில் திணித்துவிட்டு அரைக்கால் சட்டையோடு கழி ஊன்றினேன். கரைக்குப் போய்ச் சேரவும் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்காரவும் சரியாக இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நீண்ட வால் இன்ஜின் படகு வந்தது. ஓட்டி வந்தவர் எனக்குப் பழக்கமான, மோன் இனத்துப் பெரியவர். துறையில் எல்லோரும் 'அபா' என்றுதான் கூப்பிடுவோம். சேற்றில் இறங்கி வந்தவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நேரே இன்ஜினிடம் போனார். அதன் காலையும் தாங்கியையும் சேர்த்து நான் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த பச்சை நைலான் கயிற்றை விரலால் சுண்டினார். வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது.

"ஞீலே (தம்பி), இதை யார் கட்டினது?"

நான்தான் கட்டினேன். கதை இதுதான். வெளியே மாட்டும் சின்ன இன்ஜின்களில் ரிவர்ஸ் போடும்போது மட்டும் இன்ஜினைக் கீழே பிடித்துவைக்கும் ஒரு கொக்கி இருக்கும். இல்லாவிட்டால் ரிவர்ஸில் விசிறி பின்னால் தள்ளும் வேகத்தில் இன்ஜினே தண்ணீரைவிட்டு எகிறிவிடும். முன்னால் போகும்போது அந்தக் கொக்கி விட்டுக்கொடுக்கும். ஏன் என்றால், அடியில் எதிலாவது மோதினால் இன்ஜின் தானாக மேலே மடங்கி, மோதின பொருளைத் தாண்டி, திரும்பக் கீழே விழவேண்டும். மாட்டுவண்டி நுகத்தடி மாதிரி அது ஆடத்தான் செய்யப்பட்டிருக்கிறது. என் கொக்கியின் சுருள்கம்பி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது. துறையில் நெரிசலுக்குள் ரிவர்ஸ் எடுக்க வேண்டுமே என்று கயிற்றால் கட்டினேன், அப்புறம் அவிழ்க்க மறந்து மூன்று மாதம் ஓட்டினேன். அரை நாள் வேலை, ஒரு சுருள்கம்பி. அதற்குப் பதில் ஒரு பின்பலகை, ஒரு விசிறி, இன்ஜின் காலின் அடித்துடுப்பு, கூடவே நனைந்துபோன மூன்று மூட்டை பாக்கு.

மோதினது ஒரு தேக்குத் தடி. அடுத்த பெரிய வற்றத்தில் போய்ப் பார்த்தோம். ஒரு முனை மணலில் புதைந்து, மறுமுனை மேல்நோக்கிச் சாய்ந்து, கருத்து, வழவழவென்று முதலை முதுகு போல இருந்தது. எங்கள் ஆறுகளில் இது புதிதில்லை. 1826-இல் யாண்டபோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தெனாசரிம் கரை பிரிட்டிஷார் கைக்குப் போனதிலிருந்து மோல்மீன் வளர்ந்ததே தேக்கால்தான். மலையில் வெட்டிய மரம் சல்வீனிலும் அத்தரானிலும் மிதந்து வந்தது. பச்சைத் தேக்கு மிதக்காது. அதனால் மரம் நிற்கும்போதே அடியில் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்ற நிலையில் காயவிட்டுத்தான் சாய்ப்பார்கள். சரியாகக் காயாதது வழியில் முழுகும். முழுகின தேக்கு அழுகாது. ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் அதைப் புரட்டி வேறு இடத்தில் போடும்.

அதற்கு முந்தைய வருஷம் அந்த இடத்தில் அந்தத் தடி இல்லை. ஆழம் ஒன்றரைப் பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). எனக்குத் தெரிந்தது அந்த வருஷத்து ஆறு. நான் ஓட்டினது இந்த வருஷத்து ஆற்றில்.

இங்கே மே பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை மழை. வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அவ்வளவு தண்ணீரும் மண்ணைச் சுமந்துகொண்டு இறங்கும்போது மணல்மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. அதனால் மழை முடிந்து முதல் இரண்டு வாரம், புது ஊருக்கு வந்தவன் மாதிரிதான் ஓட்டவேண்டும் என்பது அபாவின் சட்டம். ஏற்றத்தில்தான், அதாவது கடல் நீர் ஏறி வரும்போதுதான், மேலே போகவேண்டும். ஏற்றத்தில் மணலில் தட்டினால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் ஆறே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே குடித்தனம்தான்.

நீர் ஏறி இறங்கும் கணக்கைப் பற்றி ஒன்று. ஆறு மணி நேர ஏற்றத்தை 12 பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறும் என்பார்கள். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் ஏறுகிறது, அப்போதுதான் இழுப்பும் அதிகம். கடலோரத்துக்கு இது சரி. ஆற்றுக்குள் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே போகப் போக ஏற்றம் குறுகி வேகமாக வரும், வற்றம் நீண்டு இழுக்கும். ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து கீழே தள்ளுகிறதல்லவா. கடல்முகத்தில் நீர் திரும்பிவிட்டது என்று போனில் கேட்டு நம்பிப் போனால், மேலே இன்னும் வற்றிக்கொண்டிருக்கும். நாள் ஒன்றுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும் என்பதும், அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது, அஷ்டமி ஒட்டி சிறிது என்பதும் பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் அம்மா நாள் பார்க்கிற அதே காலண்டரில்தான் நான் தண்ணீர் பார்க்கிறேன். மொத்தமா வளைகுடா உச்சியில் பெரிய ஏற்றத்தின்போது ஆறு ஏழு மீட்டர் ஏறும், சுவர் மாதிரி அலை எழும்பி வரும். அந்தப் பக்கம் சின்னப் படகை நான் கொண்டுபோவதே இல்லை.

தண்ணீரைப் படிப்பது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மெர்குயி தீவுகள் பக்கம் போனால் கண்ணாடித் தண்ணீர். வெளிர் பச்சை மணல், பழுப்பு பாறை, கருநீலம் ஆழம் என்று நிறத்தை வைத்தே ஓட்டலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாயா நிறத் தண்ணீரில் ஒரு சாண் கீழே விட்ட கை தெரியாது. அதனால் மேற்பரப்பு என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

அடியில் தடியோ கல்லோ இருந்தால், அதன் மேல்புறம் மோதி நீர் இரண்டாகப் பிரிந்து, அம்பு முனை போல ஒரு கோடு விழும். முனை நீர் வருகிற பக்கம் பார்த்திருந்தால் அங்கே ஒரு பொருள் இருக்கிறது. முனை நீர் போகிற பக்கம் பார்த்திருந்தால், இரண்டு பொருளுக்கு நடுவே வழி இருக்கிறது. ஆழமாக முழுகினதற்கு இந்தக் கோடு தெரியாது. கொஞ்சம் கீழே தள்ளி, உலை கொதிக்கிற மாதிரி தண்ணீர் குமிழ்ந்து எழும்பும். சுற்றிலும் சிற்றலை ஆட, நடுவில் ஒரு பாய் அளவுக்கு எண்ணெய் பூசின மாதிரி வழவழப்பு இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் நீர் ஓடும்போது மட்டும்தான். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் அரை மணி நேரத்தில் ஆறு வாயே திறக்காது. அமைதியாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில்தான் புதியவர்கள் வேகமாகப் போவார்கள்.

வளைவில் வெளிக்கரை ஆழம், உள்கரை மணல். கரை செங்குத்தாக இடிந்து நிற்கும் பக்கம் ஆழம் இருக்கும், ஆனால் இடிந்த மரமும் அங்கேதான் கிடக்கும். எதிரே பெரிய படகு போனால் அதன் அலை கரையை நோக்கிப் போவதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் திடீரென்று தலை தூக்கி வெள்ளையாக உடைந்தால் அங்கே தண்ணீர் இல்லை. நடு ஆற்றில் கொக்கு நிற்கிறதா, அதன் கால் நீளம்தான் ஆழம். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டு உட்கார்ந்திருந்தால், அது உட்கார்ந்திருப்பது ஒரு கம்பத்தின்மேல். கம்பம் ஒன்று வெளியே தெரிந்தால் முறிந்தது மூன்று கீழே இருக்கும்.

அந்தக் கம்பங்கள் வலைக்காக நட்டவை. பர்மியர் 'புலிவாய்' என்று சொல்லும் பை வலை. நீரோட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்து கட்டிவைப்பார்கள், ஓட்டமே மீனை உள்ளே தள்ளும். பெயர் மீனுக்கு வைத்தது, படகுக்கும் பொருந்தும். வற்றத்தின் இழுப்பில் இன்ஜின் நின்று, படகு குறுக்காக அந்த வாய்க்குள் போனால் கவிழ்த்துவிடும். வலை கண்ணில் பட்டால் கீழ்ப்பக்கமாக, அதன் வால் முடியும் இடத்தையும் தாண்டிச் சுற்றிப் போகவேண்டும். மேல்பக்கமாக, வாய்க்கு முன்னால் குறுக்கே போகிற துணிச்சல் எனக்கு இல்லை.

என் மருமகன், தங்கை மகன், ஆழம் காட்டும் கருவி ஒன்று வாங்கிவந்து பின்பலகையில் மாட்டினான். நல்ல சாமான்தான். ஆனால் அது காட்டுவது படகுக்குக் கீழே இருக்கும் ஆழம், முன்னால் இருப்பது இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் படகு நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. திரையில் மேடு தெரியும்போது மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருப்போம். தெரியாத இடத்தில் இன்னமும் அணியத்தில் ஒருவன் முழக் கணக்குப் போட்ட மூங்கில் கழியோடு நிற்கிறான். கழி ஆழம் மட்டுமா சொல்கிறது? மணலில் குத்தினால் 'சரக்', சேற்றில் குத்தினால் சத்தமே இல்லாமல் உள்ளே வாங்கும், கட்டையில் பட்டால் 'டொக்'.

இனி இன்ஜின். என்னுடையது 15 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக். அபாவின் நீண்ட வால் டீசல் இன்ஜினோடு ஒப்பிட்டால் இது செல்லப்பிள்ளை. அவர் மேட்டைக் கண்டதும் கைப்பிடியை அமுக்குவார், மூன்று ஆள் நீளத் தண்டோடு விசிறி ஆகாயத்தில் சுற்றும், படகு சறுக்கிக்கொண்டு தாண்டும். எனக்கு அந்த வித்தை கிடையாது.

முதலில் பம்பு. ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் இன்ஜின் தன்னைக் குளிரவைக்கிறது. உள்ளே ரப்பர் இதழ் வைத்த ஒரு சின்னச் சக்கரம், இம்பெல்லர். நம் ஆற்றுச் சேறு உப்புத்தாள் மாதிரி அந்த இதழ்களைத் தேய்க்கும். பக்கவாட்டுத் துளையிலிருந்து பீச்சும் நீரைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடலாம் (அந்தத் துளைக்குத் துறையில் ஒரு பெயர் உண்டு, இங்கே எழுத முடியாது). பீச்சல் மெலிந்தால் உடனே பம்பைப் பிரிக்க ஓடாதீர்கள். மெல்லிய கம்பியால் துளையைக் குத்துங்கள். பாதி நேரம் சேறு அடைத்திருக்கும், கரையில் கிடந்த படகு என்றால் குளவி கூடு கட்டியிருக்கும். அடுத்து, இன்ஜினைத் தூக்கிப் பாருங்கள். நீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். இரண்டும் இல்லை என்றால்தான் இம்பெல்லர். புத்தகத்தில் வருஷம் ஒருமுறை என்று இருந்தாலும் நான் ஆறு மாதத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். கழற்றும்போது தண்டின் பள்ளத்தில் அரைநிலா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், அதுதான் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது. கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். என்னுடைய முதல் துண்டு துறைப் பலகை இடுக்கு வழியாகப் போனது போனதுதான். புதிய இம்பெல்லரை மூடிக்குள் நுழைக்கும்போது தண்டை இன்ஜின் சுற்றும் திசையில், வலஞ்சுழியாக, திருகிக்கொண்டே நுழைத்தால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். கரையில் தண்ணீர் இல்லாமல் "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கிறேன்" என்று ஓட்டிப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. சில நொடி போதும், ரப்பர் கருகிவிடும்.

கியர் ஆயிலை நான் கற்றுக்கொண்டது அந்த விபத்துக்குப் பிறகுதான். பின்பலகை மாற்றி, விசிறி மாற்றி, எல்லாம் சரியாகிவிட்டது என்று மூன்று வாரம் ஓட்டினேன். ஒருநாள் அபா, "அடி ஆணியைக் கழற்றிப் பாரேன்" என்றார். வெளியே வந்தது பால் விட்ட காப்பி நிறத்தில். எண்ணெயோடு தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான் வரும். விசிறியைக் கழற்றினோம். தண்டைச் சுற்றி, தலைமுடி சிக்கின சீப்பு மாதிரி, தூண்டில் நரம்பு இறுகிக் கிடந்தது. அது உருகி, எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கும் ரப்பர் சீலுக்குள் புகுந்து, அதன் உதட்டை அறுத்திருந்தது. தடி மோதினதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு எத்தனை மாதம் முன்பே நடந்ததோ. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றித் தண்டைத் துடைத்துக் கிரீஸ் வைக்கிறேன். கழற்றும்போது எந்த வளையம் எந்த வரிசையில், எந்த முகம் எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது பழைய ஊசிக்கம்பியையே நிமிர்த்திப் போடாமல் புதிது போடுங்கள்.

எண்ணெய் மாற்றுகிற முறையும் பலருக்குத் தப்பாகத்தான் தெரிந்திருக்கிறது. காலில் இரண்டு ஆணி, ஒன்று அடியில், ஒன்று மேலே. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு, நிரம்பின மாதிரி ஏமாற்றும். இரண்டையும் கழற்றி வடியவிட்டு, அடித் துளையில் குழாயை வைத்துக் கீழிருந்து மேலே ஏற்றவேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் ஆணியைப் பூட்டி, பிறகு குழாயை எடுத்துக் கீழ் ஆணியைப் போட்டால் ஒழுகாது. ஆணியடி வளையத்தைப் புதிதாகப் போடுங்கள், காசு ஒன்றும் பெரிதில்லை.

விசிறிக்குள் ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது. மோதினால் விசிறி வழுக்கி, கியரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அது கழன்றுவிட்டால் இன்ஜின் அலறும், படகு நகராது. பயந்து இன்னும் முறுக்கினால் நாசம். மிக மெதுவாகப் போனால் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். நான் அப்படி ஒருமுறை ஆறு கிலோமீட்டர் நடை வேகத்தில் வந்திருக்கிறேன். இன்னும் சின்ன இன்ஜின்களில் புஷ்ஷுக்குப் பதில் ஒரு மெல்லிய பின் இருக்கும், மோதினால் அது ஒடியும். ஒடிந்த இடத்தில் கைக்குக் கிடைத்த ஆணியைச் செருகுகிற கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒடியாத பின் போட்டால் அடுத்த முறை ஒடிவது கியர். என் நைலான் கயிறும் இதே ஜாதிதான்.

பெட்ரோல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராமத்தில் பாட்டிலில் விற்பதைத்தான் வாங்குகிறோம். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் அடியில் முத்து மாதிரி தண்ணீர் தங்கும். ஆயில் 50-க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. 'கொஞ்சம் கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது' என்பது பிளக்கைக் கரியாக்கும் பாசம். டாங்க் மூடியில் காற்றுத் திருகு உண்டு. அதைத் திறக்க மறந்து, கல்யாண வீட்டுக் கூட்டத்தைப் படகில் வைத்துக்கொண்டு நாற்பது தடவை கயிறு இழுத்த மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

பின்பலகைக்குத் திரும்பவும் வருகிறேன், ஏனென்றால் அது பிளந்ததற்குக் கயிறு மட்டும் காரணமில்லை. உடைந்த பலகையை அபா கரையில் போட்டு, சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். 'டங், டங், டங்' என்று வந்த சத்தம், போல்ட் துளை பக்கம் வந்ததும் 'தப்' என்றது. கத்தி முனையால் நெம்பினார். ஊறின ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. வெளியே பெயிண்ட் பளபளப்பு. துளை போட்டு போல்ட் முடுக்கினவன் உள்சுவரில் எதையும் பூசாமல் விட்டிருக்கிறான். அந்தத் துளை வழியாக வருஷக்கணக்காகத் தண்ணீர் குடித்திருக்கிறது பலகை. முடுக்கினவன் யார் என்றால், அதுவும் நான்தான்.

புதிய பலகை திங்கன் மரத்தில் போட்டோம்; இங்கே படகுக்கென்றே பேர்போன மரம். துளைகளை ஒரு சுற்று பெரிதாகத் துளைத்து, உள்ளே பசை ஊற்றி இறுகவிட்டு, அதன் நடுவில் மறுபடி துளைத்து போல்ட் போட்டார் அபா. இடுக்குகளுக்கு ப்வேஞெட். கொட்டாத சின்னத் தேனீக்கள் மரப்பொந்தில் சேர்த்துவைக்கும் பிசின் அது; சுத்திகரிக்காத கச்சா எண்ணெயோடு சேர்த்து இளக்கிப் பூசினால் ஈரத்திலும் பிடிக்கும். ராமநாதபுரத்திலிருந்து வந்த என் தாத்தா, ஊரில் குங்கிலியம் காய்ச்சுவோம், இங்கே இது என்று சொல்வாராம்.

உப்பு நீர் பக்கம், பீலூஜுன் தீவுக்கோ கியாய்க்கமி கரைக்கோ போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீர் டிரம்மில் இன்ஜினை இறக்கி ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். காலில் இருக்கும் துத்தநாகக் கட்டி அரிப்பதற்காகவே வைத்தது; அது கரைந்தால் இன்ஜின் தப்பிக்கிறது என்று பொருள். அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடித்து வைத்திருந்த ஒரு சொந்தக்காரரை எனக்குத் தெரியும். பாதி கரைந்ததும் மாற்றவேண்டும்.

தட்டிவிட்டால் என்ன செய்வது? முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், சேற்றில் சுற்றும் விசிறி மணலைப் பம்புக்குள் ஏற்றுகிறது. அடுத்து, இறங்கித் தள்ளுவதற்கு முன்னால் படகுக்குள் தண்ணீர் வருகிறதா பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால் மணல்மேடுதான் இப்போது உங்களுக்குப் பத்திரமான இடம். ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் முழுகாதீர்கள். ஓட்டை இல்லை என்றால் இன்ஜினைத் தூக்கிவிட்டு, பாரத்தைத் தட்டாத பக்கம் மாற்றி, வந்த வழியே கழியால் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்னால் தாண்டிவிடலாம் என்று நினைப்பது நம் குணம், அங்கே எவ்வளவு மேடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வந்த வழியில் தண்ணீர் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அந்தத் தேக்குத் தடிக்கு அபாவும் நானும் ஒரு மஞ்சள் எண்ணெய் டப்பாவைக் கட்டி மிதக்கவிட்டோம். அடுத்த மழையில் டப்பாவும் போனது, தடியும் போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கீழே எங்கோ இருக்கிறது.

இந்த வருஷம் மழை விட்டதும் முதல் ஏற்றத்தில் மேலே போனோம். சித்தியின் பேரனுக்கு இப்போது பதினாறு வயது, அணியத்தில் கழியோடு அவன்தான் நின்றான். அபாவுக்குக் கண் மங்கிவிட்டது, இருந்தாலும் நடுவில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தார். பழைய இடத்துக்கு வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஆறு முழம்," என்றான் பையன். "ஆறு... அஞ்சு... நாலரை..."

'டொக்.'

நான் நியூட்ரலுக்கு மாற்றினேன். அபா சிரித்தார். சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. பையன் கழியை ஒரு கை தள்ளி மறுபடி குத்தினான், அங்கே மணல்.